சக்திக்குத் தட்டுப்பாடு இல்லை

1992 ஆம் ஆண்டென்று நினைவு. யாழ்ப்பாணத்தில் நான் பணியாற்றிய நாளிதழில் ஓரிரவு முதற்பக்கத் தலைப்பு இடும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெய் பங்கீட்டுக்கு மட்டும். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். 1990 இல் போர் மீண்டும் மூண்டதோடு நின்றுபோன மின்சாரம் இனி வரும் என்ற எண்ணமே எவருக்கும் இருக்கவில்லை. இவ்வளவையும் ஒரே வரியில் அடக்கிவிட்ட பெருமிதத்தோடு 'குடாநாட்டில் கடும் சக்தித் தட்டுப்பாடு' என்று கொட்டை எழுத்தில் போட்டேன். வெள்ளைத் தாள் கிடைக்காமல், கையில் அகப்பட்ட நிறத் தாள்களில் எல்லாம் பத்திரிகை அச்சான காலம் அது.

மறுநாள் முற்பகல், அரியாலையிலிருந்து ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர் சைக்கிளில் அலுவலகத்துக்கு வந்தார். நாலாக மடித்த பத்திரிகையை என் மேசையில் விரித்தார்.

"தம்பி, தலைப்புப் பிழை."

"எழுத்துப் பிழையோ, மாஸ்ரர்?"

"எழுத்தெல்லாம் சரி. பௌதிகம் பிழை. சக்திக்கு ஒருநாளும் தட்டுப்பாடு வராது. நேற்று எவ்வளவு இருந்ததோ இன்றைக்கும் அவ்வளவுதான் இருக்கு. தட்டுப்பாடு மண்ணெண்ணெய்க்கு."

குண்டு விழுந்த இடம் ஒன்றுக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். சட்டையில் புழுதி. இந்த நேரத்தில் இந்த மனிதருக்கு இது ஒரு கவலையா என்று எரிச்சல் வந்தது. அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். "ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் வீட்டுக்கு வாரும். விளங்கப்படுத்திறன். விளங்கினால் பேப்பரிலை எழுதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போனேன். விளங்கியது. எழுதுகிறேன் என்று வாக்கும் கொடுத்தேன். எழுதவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட பிறகு அந்த வாக்கை இங்கே நிறைவேற்றப் பார்க்கிறேன்.

அரியாலை என்ற பெயர் இன்று வேறொரு காரணத்தால் உலகச் செய்திகளில் அடிபடுகிறது. 2025 இல் செம்மணியில், அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட மனித என்புத் தொகுதிகள் வெளிப்பட்டன. அந்த ஊரைப் பற்றி எழுத உட்காரும் எந்தப் பத்திரிகையாளனும் அதைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் அதே மண்ணில் ஒருவர் எங்கள் சொற்களைத் திருத்திக்கொண்டும் இருந்தார். இன்று அவரைப் பற்றி.

அவர் வீடு நீரேரிப் பக்கமாக இருந்தது. வளவில் ஒரு கிணறு. இறைப்பு இயந்திரம் மண்ணெண்ணெய் இல்லாமல் சாக்கு மூடிக் கிடக்க, பக்கத்துத் தோட்டக்காரர் பழைய துலாவை மீண்டும் கட்டியிருந்தார். துலா மிதிப்பதைப் பார்க்காத தலைமுறைக்காகச் சொல்கிறேன்: ஆடுகாலில் பொருத்திய நீண்ட மரத்தின் ஒரு முனையில் கொடியும் பட்டையும் தொங்கும். ஒருவர் அந்த மரத்தின் மேல் ஏறி நடப்பார். பட்டை கிணற்றுக்குள் இருக்கும்போது மரத்தின் அடிப்பக்கம் மேலே நிற்கும். அவர் அந்த மேட்டை நோக்கி நடக்க, அவருடைய பாரத்தில் அடிப்பக்கம் தாழ, பட்டை நிறைந்த நீரோடு எழும்பும். கீழே நிற்பவர் அதைப் பிடித்து வாய்க்காலுக்குள் ஊற்றுவார்.

"இந்த மனிசன் என்ன செய்யிறார்?" என்று கேட்டார் மாஸ்ரர்.

"தண்ணீர் இறைக்கிறார்."

"இல்லை. அவர் தன்னைத்தான் தூக்கிறார். தண்ணியைத் தூக்கிறது அவற்றை பாரம்."

பிறகு மணலில் ஈர்க்குக் குச்சியால் கணக்கு எழுதினார். பட்டையில் 30 லீற்றர் நீர், அதாவது 30 கிலோகிராம். நீர்மட்டம் 5 மீற்றர் ஆழத்தில். 30ஐ 5 ஆல் பெருக்கினால் 150. மனிதரின் நிறை 60 கிலோகிராம். அவர் மரத்தோடு இரண்டரை மீற்றர் தாழ்ந்தால் 60ஐ இரண்டரையால் பெருக்க அதுவும் 150. மரத்தின் சொந்தப் பாரம் ஏறி இறங்கி ஒரு சுற்றில் நேராகிவிடும். உராய்வை விட்டுவிட்டால் மனிதர் இழந்த எண்ணும் நீர் பெற்ற எண்ணும் ஒன்றே. ஈர்ப்பு ஆர்முடுகலையும் சேர்த்துப் பெருக்கினால் ஏறத்தாழ 1,500 யூல். (தமிழகத்தில் ஜூல் என்பார்கள்.)

"இப்ப சொல்லும், மனிசனிலை இருந்து தண்ணிக்கு என்ன போனது?"

நான் "சக்தி" என்றேன்.

"ஒண்டும் போகேல்லை. அங்கை ஒரு எண் குறைஞ்சது, இங்கை ஒரு எண் கூடினது. அவ்வளவுதான்."

இந்த விடையை ஏற்க எனக்கு நெடுநாள் பிடித்தது. சக்தி என்பது பொருட்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு திரவம் போலவும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றப்படுவது போலவும்தான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். சொல்லும் அதற்குத் துணைபோகிறது. சக்தி என்றவுடன் அம்பாள் வந்துவிடுகிறாள். மாஸ்ரர் திருநீறு அணியாமல் வெளியே இறங்காதவர். ஆனால் "அம்பாள் வேறை, அரை எம் வி வர்க்கம் வேறை" என்று மாணவர்களுக்குச் சொல்லுவாராம்.

தமிழகத்தார் இதை ஆற்றல் என்கிறார்கள். அம்பாள் குழப்பம் அதில் இல்லை. வேறு குழப்பம் இருக்கிறது. எங்கள் பாடநூல்கள் 'வேலை செய்யும் ஆற்றலே சக்தி' என்றன. அதைத் தமிழகச் சொல்லில் எழுதினால் 'வேலை செய்யும் ஆற்றலே ஆற்றல்' என்றாகிவிடும். அதனால் அங்கே 'வேலை செய்யும் திறன்' என்று எழுதுவார்கள்; ஆனால் அங்கே திறன் என்பது ஒரு விநாடியில் எவ்வளவு வேலை என்பதைக் குறிக்கும் கலைச்சொல். நாங்கள் அதை வலு என்போம். கடலுக்கு இருபுறமும் உள்ள கலைச்சொல் குழுக்கள் ஒரு தடவையாவது ஒன்றாக உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கலாம் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

சொற்களை விடுவோம். அந்த வரைவிலக்கணமே பிழை என்பதுதான் மாஸ்ரரின் வாதம். வீட்டுக்குப் பின்னால் கிடந்த நீரேரியைக் காட்டினார். அதில் ஒரு கன மீற்றர் நீர் ஒரு பாகை குளிர்ந்தால் நாற்பது இலட்சம் யூலுக்கு மேல் வெளியேறும். அத்தனையும் சக்திதான். ஆனால் அதைவிடக் குளிர்ந்த இன்னொன்று பக்கத்தில் இல்லாவிட்டால் அதைக் கொண்டு ஒரு பட்டை நீரைக்கூட இறைக்க முடியாது. சக்தி இருக்கிறது, வேலை செய்யும் ஆற்றல் இல்லை. அப்படியானால் இரண்டும் ஒன்றாக இருக்க முடியுமா?

சரி, வேறென்ன? அவர் காட்டிய உவமை சங்கக்கடைப் பேரேடு. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடையில் அட்டையைக் காட்டி மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவர்களுக்கு அது உடனே விளங்கும். அரிசி கிலோவில், மண்ணெண்ணெய் போத்தலில், சவர்க்காரம் கட்டியில். ஒன்றோடொன்று கூட்ட முடியாத பொருட்கள். ஆனால் பேரேட்டின் கடைசி நிரலில் எல்லாம் ரூபாவாகி ஒரே கூட்டுத்தொகைக்குள் வந்துவிடுகின்றன. சவர்க்காரத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே ரூபா இருக்காது. அதுபோல உயரத்துக்கு ஒரு சூத்திரம், வேகத்துக்கு ஒரு சூத்திரம், சூட்டுக்கு ஒன்று, இழுபட்ட வில்லுக்கு ஒன்று, மின்னேற்றத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஓர் எண்ணைத் தரும். கூட்டினால் வரும் மொத்தம் மாறுவதில்லை. அந்த மாறாத மொத்தத்துக்குப் பெயர்தான் சக்தி.

சங்கக்கடையின் மொத்தம் மாறும், இயற்கையின் மொத்தம் மாறாது என்பதுதான் வேறுபாடு. சக்தி உண்மையில் என்னதென்று இன்றைய பௌதிகவியலுக்குத் தெரியாது என்று 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் மாணவர்களிடம் சொன்னவர் ரிச்சர்ட் பைன்மன். நோபல் பரிசு பெற்ற ஒருவரே அப்படிச் சொல்லியிருப்பதைப் பின்னாளில் படித்தபோது மாஸ்ரர் மீது எனக்கிருந்த மதிப்பு இன்னும் கூடியது.

பேரேடு இருந்தால் மாற்று வீதம் வேண்டுமே. எத்தனை யூல் உயரத்துக்கு எத்தனை யூல் சூடு? இதைத் தேடியவர்களில் ஒருவரின் கதை எங்களைப் போன்ற வெப்ப நாட்டில் தொடங்குகிறது. ராபர்ட் மேயர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1840 இல் ஒல்லாந்தக் கப்பலொன்றில் சாவகத்துக்குப் போனார். சுரபாயாவில் மாலுமிகளுக்கு இரத்தம் எடுத்தபோது நாளத்துக் குருதி தான் எதிர்பார்த்ததைவிடச் சிவப்பாக இருப்பதைக் கண்டு திடுக்கிட்டார். வெப்ப நாட்டில் உடலைச் சூடாக வைத்திருக்க உணவு குறைவாக எரிந்தால் போதும். ஆகவே குருதியில் ஒட்சிசன் மிஞ்சுகிறது என்று எண்ணினார். அங்கிருந்து தாவி, உண்ட உணவு உடற்சூடாகவும் உழைப்பாகவும் பிரிகிறது, இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம் என்ற முடிவுக்கு வந்தார். 1842 இல் வெளியிட்டார். எவரும் பொருட்படுத்தவில்லை. மனமுடைந்து மாடியிலிருந்து குதித்தார், மனநோய் விடுதியில் அடைபட்டார்; புகழ் வரக் காலம் எடுத்தது.

அதே வேளையில் மான்செஸ்டர் பக்கத்தில் மதுவடிசாலைக்காரரின் மகன் ஜேம்ஸ் யூல், பாரங்களைக் கீழே விழவிட்டு, அவற்றால் நீருக்குள் துடுப்புகளைச் சுழற்றி, நீர் எவ்வளவு சூடாகிறதென்று அளந்தார். ஒரு லீற்றர் நீரை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 4,186 யூல் வேண்டும் என்பது இன்றைய பெறுமானம். சாதாரண எண் போலத் தெரியும். அதே 4,186 யூல் அந்த ஒரு லீற்றர் நீரை 427 மீற்றர் உயரத்துக்குத் தூக்கப் போதும்!

மாஸ்ரர் வீட்டில் அன்று எனக்குத் தந்த வெறுந்தேநீரை வைத்தே இதைக் கணக்கிட்டார். 200 மில்லிலீற்றர் நீர், 30 பாகையிலிருந்து 100 பாகைக்கு. ஏறத்தாழ 58,600 யூல். துலா மிதித்தவரின் கணக்கில் 40 பட்டை நீர். ஒரு கோப்பைத் தேநீரைக் கொதிக்க வைப்பதும் கிணற்றிலிருந்து 40 பட்டை இறைப்பதும் பேரேட்டில் ஒரே தொகை. நான் கோப்பையை மேசையில் வைத்துவிட்டேன். "குடியும் குடியும், ஆறினால் அந்த நாற்பதும் காத்துக்குத்தான்" என்றார் அவர் மனைவி உள்ளிருந்து. எத்தனை தடவை இந்தக் கணக்கைக் கேட்டிருப்பாரோ.

இனி மண்ணெண்ணெய். ஒரு போத்தல், அதாவது 750 மில்லிலீற்றர், எரிந்தால் இரண்டரைக் கோடி யூலுக்கு மேல் வரும். பட்டைக் கணக்கில் பதினேழாயிரம். இறைப்பு இயந்திரம் அதில் பத்திலொரு பங்கையே நீரிடம் சேர்த்தாலும் ஆயிரத்து எழுநூறு பட்டை. துலா மிதித்தவர் முழங்கால் தேய நாள் முழுக்க ஏறி இறங்கியதை ஒரு போத்தல் செய்துவிடும். அந்தப் போத்தலுக்காக ஏன் மனிதர்கள் விடியற்காலையில் வரிசையில் நின்றார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

ஆனால் இங்கேதான் மாஸ்ரர் என்னை மடக்கினார். அப்போது குடாநாட்டில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். தெருவெல்லாம் புகை, உடுப்பெல்லாம் அந்த மணம். லீற்றருக்கு லீற்றர் பார்த்தால் மண்ணெண்ணெயில் உள்ள சக்தி பெற்றோலுக்குக் குறைந்ததல்ல, சற்றுக் கூடுதலே. அப்படியிருந்தும் பெற்றோலின் விலைக்கு முன் மண்ணெண்ணெய் நிற்க முடியவில்லை. ஏன்? பெற்றோல் குளிரிலும் ஆவியாகும், பொறி பட்டவுடன் பற்றும். நாம் காசு கொடுத்து வாங்கியது சக்தியை அல்ல. அது வேண்டிய நேரத்தில் வேண்டிய வடிவில் மாறித் தரும் இணக்கத்தை.

முற்றத்தைக் காட்டினார். யாழ்ப்பாண வெயிலில் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் நாளொன்றுக்கு விழுவது ஏறத்தாழ அரை லீற்றர் மண்ணெண்ணெயின் சக்தி. ஒரு பரப்புக் காணியில், அதாவது ஏறத்தாழ 250 சதுர மீற்றரில், நூறு லீற்றருக்கு மேல். ஒவ்வொரு நாளும். பொருளாதாரத் தடை விதித்தவர்களால் அதை மறிக்க முடியவில்லை. அந்த வெயிலில் வெந்துகொண்டுதான் நாங்கள் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றோம். இரவில் ஜாம் போத்தல் விளக்கில் அந்த எண்ணெயை எரித்தோம். அதில் நூறிலொரு பங்குகூட ஒளியாகவில்லை, மற்றதெல்லாம் சூடு. அந்த மங்கலில் படித்துப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் இன்று உலகெங்கும் பொறியியலாளர்கள். மாஸ்ரரின் ரியூசன் வகுப்பில் தலைகீழாக நிறுத்திய சைக்கிள் ஒன்று இருந்தது. வானொலிச் செய்தி நேரத்தில் மாணவர்கள் முறைவைத்துப் பெடலைக் கையால் சுற்றுவார்கள். தைனமோவின் வலு 3 வாற்று. செய்தி மோசமாக இருக்கும் நாளில் சுற்றுபவன் நின்றுவிடுவான், வானொலி அடங்கிவிடும்.

எனவே தட்டுப்பாடு எதற்கு? வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதி பேசுவது அதைத்தான். பேரேட்டின் மொத்தம் மாறாது. ஆனால் ஒவ்வொரு கைமாற்றிலும் ஒரு பங்கு மண்ணுக்கும் காற்றுக்கும் இளஞ்சூடாகப் போய்விடும். அங்கிருந்து அதைத் திரட்டி எடுக்க முடியாது. பணம் தொலையவில்லை, ஊரெங்கும் ஒரு சதமாக, அரைச் சதமாகச் சிதறிவிட்டது. 'சக்தியைச் சேமியுங்கள்' என்று சுவரில் எழுதுகிறோம். சக்தியை எவரும் செலவழிக்கவே முடியாது. செலவாவது அதன் ஒழுங்கு.

மொத்தம் ஏன் மாறுவதில்லை என்று அன்று நான் கேட்கவில்லை. விடையைப் பின்னர் படித்தேன். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில், பெண் என்பதால் டேவிட் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்ட வகுப்புகளில் பாடம் நடத்த வேண்டியிருந்த எம்மி நொய்தர் 1918 இல் தந்த விடை அது. இயற்கையின் விதிகள் நேற்றுப் போலவே இன்றும் இருக்கின்றன. அதனாலேயே இந்தத் தொகை மாறாமல் இருக்கிறது. அரியாலைக் கிணற்றில் வைத்துப் பாருங்கள். செவ்வாய்க்கிழமையில் பூமியின் ஈர்ப்புக் குறைந்தும் வெள்ளிக்கிழமையில் கூடியும் இருந்தால், செவ்வாயில் இலேசாக நீரை இறைத்துத் தொட்டியில் நிரப்பி, வெள்ளியில் விழவிட்டு இலாபம் பார்க்கலாம். நாளுக்கு நாள் விதி மாறாததால் அந்த இலாபம் கிடைப்பதில்லை.

இந்தப் பேரேட்டில் ஒருமுறை துண்டு விழுந்ததும் உண்டு. சில அணுக்கருக்கள் சிதையும்போது கணக்கு இடித்தது. 1924 இல் நீல்ஸ் போரும் இரு இளம் சகாக்களும், தனித்தனி அணு நிகழ்ச்சிகளில் சக்திக் காப்பு சராசரியில்தான் உண்மையோ என்று எழுதியிருந்தார்கள். இந்தச் சிக்கலிலும் அவர் அந்தப் பக்கமே சாய்ந்தார். வொல்ப்காங் பவுளி கணக்கை நம்பினார். கண்ணில் படாத துணிக்கை ஒன்று மீதியைக் கொண்டு போகிறது என்று 1930 இல் சொன்னார். 1956 இல் அந்த நியூத்திரினோ பிடிபட்டது. அதற்காகப் பேரேடு எங்கும் செல்லுபடியாகும் என்று எண்ணிவிடாதீர்கள். விரியும் அண்டத்தில் தொலைவிலிருந்து வரும் ஒளி வழியிலேயே நீண்டு சக்தியை இழக்கிறது. முழு அண்டத்துக்கும் ஒரே கூட்டுத்தொகை எழுத ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையில் பொதுவான வழி இல்லை. மாஸ்ரர் இருந்திருந்தால் இதைப் பற்றி அவரோடு ஒரு மாலை முழுவதும் பேசியிருக்கலாம்.

கட்டுரையை ஏன் எழுதவில்லை? தாள் இல்லை என்பேன். ஒவ்வொரு நாளும் சாவுச் செய்தி இருக்கும்போது யூல் கணக்குக்கு எங்கே இடம் என்பேன். இரண்டும் உண்மை. ஆனால் அதே பத்திரிகையில் கோயில் திருவிழாவுக்கும் ஆண்டு நிறைவுக்கும் இடம் இருந்தது. உண்மையான காரணம், பிழை என் தலைப்பில் இருந்தது என்பதை அச்சில் ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பக்கம் மாஸ்ரரைக் கண்டேன். கூட்டம் அடியடியாக நகர்ந்துகொண்டிருந்தது. சைக்கிளின் பின்னால் அரிசி மூட்டை, அதன்மேல் ஒரு பெட்டி, மறுபக்கம் கையைப் பிடித்தபடி மனைவி. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"தம்பி, எழுதினீரோ?"

"எழுதுறன் மாஸ்ரர்."

தலையாட்டிவிட்டுக் கூட்டத்தோடு போனார். அதன்பின் அவரை நான் காணவில்லை. 2002 இல் ஏ9 பாதை திறந்தபின் அரியாலைக்குப் போனேன். 2000 இல் சண்டை அந்தப் பக்கம் வந்ததில் வீட்டின் கூரை போயிருந்தது. இடம்பெயர்ந்த இடத்திலேயே அவர் காலமாகிவிட்டார் என்று அயலவர் சொன்னார்கள். கிணறு இருந்தது. ஆடுகால்கள் நின்றன, துலா இல்லை.

2022 இல் நாடு முழுவதும் 13 மணி நேரம்வரை மின்வெட்டு, எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை. அந்த ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியது. கொழும்புப் பத்திரிகைகளில் 'எரிசக்தி நெருக்கடி' என்ற தலைப்புகளைப் பார்த்தபோதுதான் என் பழைய கடன் மீண்டும் உறுத்தத் தொடங்கியது. ஏ9 பாதையில் போகிறவர்கள் பளைப் பக்கம் நீரேரி ஓரத்தில் காற்றாலைகளைப் பார்த்திருப்பார்கள். வல்லிமுனை, புலோப்பளை, தலா 10 மெகாவாற்று, 2014 இறுதியில் இயங்கத் தொடங்கியவை. அவற்றில் ஒன்றை அமைத்த நிறுவனத்தின் பெயர் யூல் பவர். மாஸ்ரர் பார்த்திருந்தால் பெயருக்குள்ளேயே பௌதிகப் பிழை தேடியிருப்பார்: யூல் சக்திக்கு உரியது, பவர் வலுவுக்கு உரியது, இரண்டையும் ஏன் ஒட்டினார்கள் என்று.

பத்திரிகைகளில் திருத்தம் போடுவதற்கென்று ஒரு மூலை உண்டு. அந்த மூலை இன்று என்னிடம் இல்லாததால் இங்கே போடுகிறேன். 1992 ஆம் ஆண்டு யாழ்ப்பாண நாளிதழொன்றின் முதற்பக்கத்தில் 'குடாநாட்டில் கடும் சக்தித் தட்டுப்பாடு' என வெளியான தலைப்பு, 'குடாநாட்டில் கடும் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு' என்று இருந்திருக்க வேண்டும். தவறுக்கு வருந்துகிறேன்.